புத்தகம் வெளியே போயிருக்கிறது

நாங்குநேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். வெள்ளிக்கிழமை தபால் நிலையத்தில் உன் பெயருக்கு ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். ஏழு புத்தகங்கள். அதில் ஆறு கதிருக்கு. பெட்டியைச் சுற்றி அம்மா என் பழைய வேட்டியை வைத்துத் தைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் யாரும் இப்படித் தைப்பதில்லை, டேப் ஒட்டினால் போதும் என்று கவுன்டரில் இருந்த பெண் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். மழையில் நனைந்தால் அந்தப் பெண்ணா பொறுப்பு என்றாள் அம்மா. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் தனியாக அனுப்புகிறேன். பெட்டியை அவன்தான் பிரிப்பான்.

அவன் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, இப்போது எதற்குப் புத்தகம் என்று நினைப்பாய். ஒன்றுமில்லை. கண்ணைக் காட்டப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் கடை திறந்திருந்தது. அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உன் எண் என்று நினைத்து அவன் எண்ணை அழுத்திவிட்டேன். காலை பதினொன்றே கால் மணி. உடனே எடுத்தான். "லீவு தாத்தா" என்றான். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அதே நேரத்துக்கு வேண்டுமென்றேதான் செய்தேன். அன்றும் லீவு. அதற்கடுத்த திங்களும் லீவு. மராட்டிய நாட்டில் பண்டிகைகள் அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் புத்தகங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடு. படித்தாயா என்று கேட்காதே. எத்தனையாவது பக்கம் என்று கேட்காதே. முப்பத்து நாலு வருடம் நூலகர் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தவன் சொல்கிறேன். பதின்மூன்று, பதினாலு வயதில் கதை அலமாரியை விட்டு ஒவ்வொருவராக நழுவி எதிர்ப்பக்கம் வருவார்கள். ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இது உண்மையாகவே நடந்ததா?" என்பார்கள். நடந்தது என்று சொல்லிவிட்டு நான் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அதற்கு மேல் பேசினால் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நீ அந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்பில். 'குமாயுன் புலிகள்' கையில் இருந்தது. ஒரே புலி 436 பேரைக் கொன்றது நிஜமா என்று கேட்டாய். அன்று ராத்திரி கொல்லைப்பக்கம் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டாய்.

கடையில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசை முழுக்க அடுக்கியிருந்தார்கள். முக்கால்வாசி முன்னேற்ற நூல்கள். அதிகாலையில் எழு, இலக்கை எழுதி வை, தோல்வியைக் கண்டு துவளாதே. ஏற்கெனவே துவண்டு கிடக்கிற பிள்ளையிடம் அதை நீட்டுவது, காய்ச்சல்காரனுக்கு ஓட்டப்பந்தய விதிமுறையை வாசித்துக் காட்டுவது போல. அவன் துவண்டிருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

மேலே இருப்பது 'டோட்டோ-சான்'. ஆங்கிலப் பதிப்புதான் வைத்திருக்கிறேன். ஆறேழு வயது ஜப்பான் சிறுமியின் கதை எனக்கு எதற்கு என்பான். என்றால், நீ எடுத்துப் படி. தெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதி 1981இல் வந்த புத்தகம். முதல் வகுப்பிலேயே அவளைப் பள்ளியை விட்டு நீக்கிவிடுகிறார்கள். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடினாளாம், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டாளாம். அம்மாக்காரி அதை மகளிடம் சொல்லவில்லை. வேறு பள்ளிக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். இருபது வயது தாண்டிய பிறகுதான் நீக்கப்பட்ட விஷயமே மகளுக்குத் தெரியும். புதுப் பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமை ஆசிரியர் கோபயாஷி அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உனக்கு என்ன தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். நான்கு மணி நேரம் கேட்கிறார், வள்ளி. கொட்டாவி விடாமல். உன்னையும் உன் அண்ணனையும் சேர்த்து வைத்து நான் மொத்தமாக நான்கு மணி நேரம் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. உன் அண்ணன் அதைச் சொல்லிக் காட்டிவிட்டான். நீ காட்டியதில்லை.

பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தினால் குடி முழுகிவிடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிப்பு முக்கியம்தான். படிப்பு இல்லாவிட்டால் நீ இன்று அந்த ஊரில் அந்தப் பதவியில் உட்கார்ந்திருக்க முடியுமா? மேலத்தெருவில் இன்றைக்கும் பெண்பிள்ளை என்றால் வள்ளியைப் போல என்றுதான் பேச்சு. கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் வள்ளியிடமிருந்து மூன்று ஞாயிறாக ஐந்து நிமிடத்துக்கு மேல் போன் இல்லை. சிக்னல் சரியில்லை என்கிறாய். அதே வீட்டில்தான் கதிரின் போனில் மின்விசிறிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

அடுத்தது மலாவி நாட்டுப் பையன் எழுதியது. வில்லியம் காம்குவாம்பா. இதை முதலில் எடுத்தால் நல்லது, ஆனால் எடு என்று நீ சொல்லாதே. 2001இல் அங்கே மழை பொய்த்து, அடுத்த வருடம் பஞ்சம். அப்பா சோள விவசாயி. கட்டணம் கட்ட முடியாமல் பையன் பதினாலு வயதில் பள்ளியிலிருந்து நின்றுபோகிறான். வீட்டில் சும்மா கிடக்கவில்லை. ஊர்த் தொடக்கப்பள்ளியில் இருந்த சின்ன நூலகத்துக்குப் போகிறான். ஆங்கிலம் சரியாக வராது. படத்தைப் பார்த்துப் பார்த்தே அர்த்தம் பிடிக்கிறான். ஒரு புத்தகத்தின் அட்டையில் காற்றாலைகள் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு, டிராக்டர் விசிறி, சைக்கிள் சட்டம், சூட்டில் இளக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டைனமோ, தைல மரக் கம்பு என்று குப்பையிலும் கூளத்திலும் பொறுக்கி ஒரு காற்றாலையைக் கட்டி வீட்டில் விளக்கு எரியவிட்டான். அதுவரை ஊர் அவனைப் பைத்தியம் என்றது. பின்னால் அமெரிக்காவில் பட்டம் வாங்கினான். அது புத்தகம் வந்ததற்குப் பிறகு நடந்தது. எனக்குப் பிடித்த இடம் அந்த நூலகம்தான். கட்டணம் கட்டாத பையன் நீ எதற்கு வந்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில், பள்ளி நேரத்தில் சீருடையோடு வரும் பையன்களை நான் கேட்டுத் துரத்தியிருக்கிறேன்.

'அக்னிச் சிறகுகள்' உங்கள் வீட்டில் இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கிறது. இருந்தாலும் வைத்திருக்கிறேன். ராக்கெட்டை விட்டுவிடலாம். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன இடத்தைக் காட்டு. எட்டுப் பேரைத்தான் எடுத்தார்கள், கலாம் ஒன்பதாவது. அங்கிருந்து நேரே ரிஷிகேஷ் போய் கங்கையில் குளித்தார். காட்டு என்றா எழுதினேன்? காட்ட வேண்டாம். அவனே பார்க்கட்டும்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தமிழ். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், தெரியும். ராத்திரி நீ கொஞ்சம் வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். உனக்கு நேரம் இருக்காது. இருந்தால், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிற அத்தியாயம். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டே போகிறார் ஐயர். அவ்வளவையும் கேட்டுவிட்டு, இதனால் என்ன பிரயோசனம் என்கிறார் முதலியார். சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். அப்போது ஐயருக்கு இருபத்தைந்து வயது. கல்லூரியில் ஆசிரியர். அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஏழு வருடம் கழித்து அவரே அதை அச்சில் கொண்டுவந்தார். பதினைந்து வயதில் ஒருவன் ஏதோ நாலு நாள்... சரி, விடு.

'சத்திய சோதனை'யை மட்டும் நீயாக அவன் கையில் கொடுக்காதே. அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துணுக்கைத் திருடிவிட்டு, பதினைந்து வயது மோகன்தாஸ் அப்பாவுக்குக் குற்றத்தை எழுதிக் கொடுக்கிற அத்தியாயம் அதில் வருகிறது. நோயில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் விட்டார், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நீ கொடுத்தால், என்னையும் எதையோ ஒப்புக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா என்று அவன் நினைத்துவிடுவான். இந்த வயதில் எதைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு பொறி இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்ப்பார்கள்.

ஆன் ஃபிராங்கின் டைரிக்குப் புதுப் பிரதி வாங்கியிருக்கிறேன். உன்னுடையது இங்கே பரணில் பத்திரமாக இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறாய். அதை அவனுக்கு அனுப்புவது சரியில்லை என்று தோன்றியது. நானும் படிக்கவில்லை. முதல் இரண்டு பக்கம்தான் பார்த்தேன்.

அந்த டைரியை இந்த முறை வேறு மாதிரிப் படித்தேன். 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டு. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஓர் அலுவலகத்தின் பின்பகுதியில் ஒளிந்திருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவள் அப்பா ஓட்டோ ஒருவர்தான். அவர்களைப் பிடித்துக்கொண்டு போன அன்று சிதறிக் கிடந்த தாள்களை, அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் கீஸ் பொறுக்கி எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்தாள். ஒரு வரி படிக்கவில்லை. பெண் திரும்பி வந்ததும் அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். பெண் வரமாட்டாள் என்று உறுதியான பிறகுதான் அப்பாவிடம் கொடுத்தாள். 1947இல் புத்தகமாயிற்று. மகளோடு எனக்கு நல்ல நெருக்கம்தான், ஆனாலும் அவளுக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது, பெற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகளை உண்மையில் தெரிவதில்லை என்று ஓட்டோ பின்னால் பேட்டியில் சொன்னார்.

அந்த இழுப்பறை என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. பாளையங்கோட்டைக் கடையிலேயே தொடங்கிவிட்டது.

வள்ளி, நீ பிளஸ் ஒன் முடித்த கோடை விடுமுறை நினைவிருக்கும். 1996. கூந்தன்குளத்துக்கு நாலு தடவை கூட்டிப்போனேன். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை என்று நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடுவதில்லை என்று ஒரு பாட்டி சொன்னதையும் எழுதினாய். அப்போதுதான் நூலகத்திலிருந்து சாலிம் அலியின் தன்வரலாற்றை எடுத்தாய், 1985இல் வந்த ஆங்கிலப் புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தாய். ஒரு ராத்திரி சாப்பிடும்போது நிறுத்தாமல் சொன்னாய். சின்னப் பையனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டாராம். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்ததாம். என்ன குருவி என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனாராம். மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் திட்டாமல், பதப்படுத்திய பறவைகள் நிறைந்த அலமாரிகளைத் திறந்து காட்டினாராம். பிறகு கல்லூரிக் கணக்கு ஒத்துவராமல் படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவுக்குப் போய்விட்டாராம். "பறவைகளைப் பார்ப்பதையே ஒருத்தி வேலையாகச் செய்யலாமா அப்பா?" என்று கேட்டாய்.

படிப்பை விட்டுவிட்டு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

தவணை முடிந்து புத்தகம் திரும்ப வந்தது. நான் அதை அலமாரியில் வைக்கவில்லை. ஜூன் மாதம் மறுபடி கேட்டாய். வெளியே போயிருக்கிறது என்றேன். என் மேசையின் கீழ் இழுப்பறையில், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. ஜூலையில் கேட்டாய், வெளியே போயிருக்கிறது. எத்தனை தடவை கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்காது. ஐந்து தடவை. ஐந்தாவது தடவை, யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். வள்ளியூர்ப் பக்கம் ஒரு வாத்தியார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உன் முகம் இருண்டுபோகும் என்று நினைத்தேன். உனக்கோ ஒரே சந்தோஷம். "அவரும் பறவை பார்க்கிறவரா அப்பா?" என்றாய். மறுநாள் ஒரு சீட்டு எழுதி, அவர் புத்தகத்தைத் திருப்ப வரும்போது கொடுங்கள் என்று என்னிடம் தந்தாய்.

இல்லாத வாத்தியாருக்கு எழுதிய சீட்டு. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பதில் வந்ததா என்று தீபாவளி வரை கேட்டாய். அவர் இன்னும் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நோட்டையும் காணவில்லை. நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண், நல்ல கல்லூரி. நான் செய்தது சரிதான் என்று எல்லாரும் சொன்ன மாதிரி இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவர்களுக்கு எதுவும் தெரியாதே.

ஓய்வுபெற்ற அன்று ரங்கநாதனின் ஐந்து விதிகளையும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். சீர்காழியில் பிறந்த மனிதர் 1931இல் எழுதியதை உலகம் முழுவதும் நூலகர்கள் படிக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசினேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் என்பது இரண்டாவது விதி. நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அந்த விதியைச் சொல்லும்போது நான் உன்னைப் பார்க்கவில்லை.

உன் வேலை உனக்குப் பிடித்திருக்கலாம். நீ பறவை ஆராய்ச்சிக்குப் போயிருந்தால் இன்னும் கஷ்டப்பட்டிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ கேட்ட புத்தகத்தை நான் ஒளித்தேன், அது மட்டும் தெரியும். பயத்தில் செய்தேன். மூன்று வாரமாகக் கதிரைப் பற்றி யோசிக்கும்போதும் அதே பயம்தான் வயிற்றில் கிளம்புகிறது. அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பழைய குரலில்தான் கேட்பேன். உன்னிடமும் அந்தக் குரல் கொஞ்சம் இருக்கிறது, என் மகள்தானே. அவன் பகல் முழுவதும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் கவனி. பிடுங்கி வைக்காதே. கேட்கவும் கேட்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்.

இங்கே அனுப்புவதானால் அனுப்பு. ஒரு மாதமோ இரண்டு மாதமோ. பள்ளி என்னவாயிற்று என்று நான் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன், அதுதான் சிரமம். தெற்கே உள்ள அறையை வெள்ளையடித்தாயிற்று. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். உன் அண்ணன் வயல் விஷயமாக வந்துபோனான், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஏழாவது புத்தகம் பெட்டியின் அடியில் தினமணித் தாளில் சுற்றி இருக்கிறது. அது உனக்கு. ஓய்வுபெறும் வருடம், தொலைந்துபோனதாகக் கணக்கு எழுதி விலையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதுவும் பொய்க் கணக்குத்தான். தேதிச் சீட்டில் கடைசியாக இருப்பது உன் தேதி. தையலைப் பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஆழமாக விடாதீர்கள். வாத்தியாருக்கு நீ எழுதிய சீட்டு உள்ளேதான் இருக்கிறது. கூந்தன்குளத்தில் பூநாரை எந்த மாதம் வரும் என்று கேட்டிருந்தாய்.

அன்புடன்,
அப்பா